எண்ணப்படாத அடிகள்

எண்கள் பக்கஞ் சாய்வதில்லை என்று நம்புவோர் பலர். எண்ணியவன் யார், எதனை எண்ணாது விட்டான் என்று கேட்கத் தொடங்கியதும் அந்நம்பிக்கை ஆட்டங் காண்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விளையாட்டெனப் போற்றப்படும் பேஸ்போலின் சாதனையேடு இதற்குத் தக்க சான்று.

அவ்வாட்டத்தில் ஒருவரின் திறனை அளக்கும் பழைய அளவுகோல் அடி விகிதம். பந்தை அடிக்க நின்ற ஆயிரம் முறைகளில் 367 முறை வெற்றிகரமாக அடித்துத் தளம் சேர்ந்தவரின் விகிதம் .367. இது 1928இல் ஓய்வுபெற்ற தை கொப்பின் வாழ்நாட் சாதனை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முதலிடத்தில் நின்ற இவ்வெண், 2024 மே மாதத்தில் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. .372 என்ற விகிதத்துடன் முதலிடம் பெற்றவர் ஜோஷ் கிப்சன். அவர் இறந்து அப்போது 77 ஆண்டுகள் கழிந்திருந்தன!

ஜோர்ஜியாவிலிருந்து பிற்ஸ்பேர்க் உருக்காலைக்கு வேலை தேடிச் சென்ற கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் மகன் கிப்சன். பெரிய கழகங்களின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. 1884இல் பிளீட்வூட் வோக்கர் என்ற கறுப்பர் ரொலிடோ அணிக்கு ஆடியதன் பின்னர், 1947 வரை அக்கதவு திறக்கவில்லை. அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அணி முதலாளிகளின் எழுதப்படாத உடன்பாடே போதுமாயிருந்தது. எனவே 1920இல் றூப் பொஸ்ரர் கன்சாஸ் நகரில் கறுப்பினத்தவர்க்கெனத் தேசியக் கழகமொன்றை நிறுவினார். இத்தகைய கழகங்களில் ஆடியே கிப்சன் புகழடைந்தார். 1943ஆம் ஆண்டுப் பருவத்தில் அவரது விகிதம் .466.

குறைந்த ஆட்டங்களில் பெற்ற விகிதத்தை நீண்ட பருவங்களின் கணக்கோடு ஒப்பிடலாமா என்று சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆயின் ஆட்டங்கள் ஏன் குறைந்தன? கழக ஆட்டங்களின் வருவாய் வயிற்றுக்குப் போதாமையால், கறுப்பின வீரர்கள் பஸ் ஏறி ஊரூராகச் சென்று காட்சியாட்டங்கள் ஆடினர். அவை எவையும் ஏட்டில் ஏறவில்லை. புகழ் மண்டபத்திலுள்ள கிப்சனின் பட்டயம் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் என்கிறது. அதிகாரபூர்வக் கணக்கிலோ இருநூறு கூட இல்லை.

1947 ஜனவரி 20இல், தமது 35ஆம் வயதில், கிப்சன் மறைந்தார். மூன்று மாதங்கூடக் கழியுமுன், ஏப்பிரல் 15இல், ஜாக்கி றொபின்சன் புறூக்லின் அணிக்காகக் களமிறங்கினார். அவரை முன்னர் வைத்திருந்த கறுப்பின அணிக்கு புறூக்லின் நிர்வாகம் ஒரு சதமும் ஈடு கொடுக்கவில்லை என்பதையும் இங்கு குறித்தல் தகும்.

எந்தெந்தக் கழகங்கள் 'பெரியவை' எனத் தீர்மானிக்க 1969இல் ஒரு குழு அமைந்தது. 1884இல் ஒரேயொரு பருவம் மட்டும் நடந்து கலைந்த வெள்ளையர் கழகமொன்றும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. கறுப்பினக் கழகங்களுக்கு இடமில்லை. 2020 டிசம்பரிலேயே அவற்றின் 1920 முதல் 1948 வரையான காலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆய்வாளர்கள் 'சிக்காகோ டிபென்டர்', 'பிற்ஸ்பேர்க் கூரியர்' முதலான கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் துருவி, ஆட்ட விபரங்களை ஒவ்வொன்றாய்த் திரட்டினர். 2,300க்கு மேற்பட்ட வீரர்களின் கணக்கு 2024இல் பொது ஏட்டில் சேர்ந்தது. பெயர்களைச் சேர்ப்பதால் எந்த முதலாளிக்கும் நட்டமில்லை. மறுக்கப்பட்ட ஊதியம் எவருக்கும் திரும்பவில்லை.

அவ்வேட்டில் வில்லி மேய்ஸின் கணக்கிலும் பத்து அடிகள் கூடின. 1948இல், பதின்பருவத்தில், பர்மிங்ஹாம் கறுப்பின அணிக்கு ஆடியபோது அவர் பெற்றவை அவை. அவை சேர்ந்து மூன்று வாரங்களில், 2024 ஜூன் 18இல், 93ஆம் வயதில் அவர் காலமானார்.