ஒருபடித்தான கலவை: ஒரு வரையறைக்கு விளக்கவுரை

வரையறை: இரண்டோ அதற்கு மேலோ பொருள்கள் வேதிவினை புரியாமல் சேர்ந்து, எப்பகுதியிலும் ஒரே இயைபுடன் இருப்பது ஒருபடித்தான கலவை, பகுதிக்குப் பகுதி இயைபு மாறுவது பலபடித்தான கலவை.

வேதிவினை புரியாமல் சேர்ந்து: கலந்த பொருள்கள் தம் இயல்பை இழப்பதில்லை. கடல்நீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். கலவையில் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். சேர்மத்தில் அது நடக்காது. நீர் என்றால் எடையில் ஹைட்ரஜன் 1 பங்குக்கு ஆக்சிஜன் 8 பங்கு இருந்தே தீர வேண்டும்.

எப்பகுதியிலும்: வரையறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 22 காரட் தங்கத்தில் 1000 பங்குக்கு 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. நன்றாக உருக்கிக் கலந்த கட்டியில் எந்த மூலையைச் சுரண்டினாலும் இதே கணக்குத்தான். சிறு துணுக்கைச் சோதித்து முழுக் கட்டிக்கும் தரம் சொல்ல முடிவது இதனால்தான்.

ஒரே இயைபுடன்: ஒரே தோற்றத்துடன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பால் பார்வைக்கு ஒரே வெண்மை. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், நீருக்குள் கொழுப்பு உருண்டைகள் தனித்தனியே மிதப்பது தெரியும். கறந்த பாலை அசைக்காமல் வைத்தால் அவை மேலே திரளும். ‘ஹோமோஜெனைஸ்டு’ பாலில் இந்த உருண்டைகளை உயர் அழுத்தத்தில் பொடிப்பொடியாக உடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அதுவும் பலபடித்தான கலவைதான்.

பகுதிக்குப் பகுதி: எவ்வளவு சிறிய பகுதி? அணு அளவுக்கு இறங்கினால் எந்தக் கலவையும் ஒருபடித்தாக இராது. ஆகவே ஏராளமான மூலக்கூறுகளைக் கொண்ட பகுதியையே ஒப்பிட வேண்டும். கலந்த துகள் 1 நானோமீட்டருக்குக் குறைவானால் கரைசல். 1 முதல் 1000 வரை கூழ்மம். அதற்கும் மேல் தொங்கல். பின்னிரண்டும் பலபடித்தானவை. 1857இல் மைக்கேல் ஃபாரடே நீரில் நுண்ணிய தங்கத் துகள்களைப் பரப்பி, மாணிக்கச் சிவப்பில் தெளிந்த திரவம் ஒன்றை ஆராய்ந்தார். ஒளிக்கற்றை பாய்ந்ததும் அதன் பாதை உள்ளே துலங்கியது. துகள்கள் ஒளியைச் சிதறடித்தன. இதையே இன்று டிண்டால் விளைவு என்கிறோம். உப்புக் கரைசலில் அந்தப் பாதை தெரியாது. தங்கக் கட்டி ஒருபடித்தானது. தங்கக் கூழ்மமோ தெளிவாகத் தெரிந்தாலும் பலபடித்தானது.

மாணவர்களே, ‘கண்ணால் பிரித்தறிய முடியாதது’ என்று மட்டும் விடை எழுதி நிறுத்திவிடாதீர்கள். பாலும் அந்த விடைக்குள் வந்துவிடும். ‘எப்பகுதியிலும் இயைபு ஒன்றே’ என்று எழுதுங்கள்.