மூடுபனியில் ஒலித்த மணி

ரேடார் போரின் குழந்தை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அக்கருத்து முழுமையானதன்று. இரண்டாம் உலகப் போருக்கு 35 ஆண்டுகள் முன்னரே, கடலோடிகளின் உயிர் காக்கும் நோக்கோடு அது பிறந்தது. பிறந்தும் போற்றுவாரின்றி மறைந்தது. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்காந்த அலைகள் உலோகப் பரப்பில் பட்டுத் திரும்பும் என்பதை 1888இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஆய்வின்வழி மெய்ப்பித்தார். அவ்வுண்மையைக் கடற்பயணத்திற்குப் பயன்படுத்த முனைந்தவர் ஜெர்மானியரான கிறிஸ்டியான் ஹுல்ஸ்மெயர். மூடுபனியில் கப்பல்கள் மோதி அழிவதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர் வேட்கை. 1904 ஏப்ரல் 30ஆம் நாள் தம் கருவிக்குக் காப்புரிமை கோரியபோது அவருக்கு வயது 22. மே மாதம் கொலோன் நகரிலும், ஜூன் மாதம் ராட்டர்டாம் துறைமுகத்திலும் அதனை இயக்கிக் காட்டினார். தீப்பொறி எழுப்பிய அலை எதிரே வந்த கப்பலில் பட்டு மீண்டதும் மணி ஒலித்தது. எனினும், கப்பல் நிறுவனங்களோ ஜெர்மானியக் கடற்படையோ அதனை ஏற்க முன்வரவில்லை.

பிறரது பாராமுகம் மட்டுமே இதற்குக் காரணமன்று. கருவியின் செவியாக அமைந்தது ‘கோஹீரர்’ என்னும் அலையுணர் குழாய். அலை வந்தது, வரவில்லை என்னும் இரண்டையே அது அறியும். வந்தது தன் எதிரொலியா, பிற கப்பலின் கம்பியில்லாத் தந்தியா எனத் தெளிவாகப் பிரித்தறிய அதற்கு இயலவில்லை. தொலைவையும் நேரே அளக்க முடியவில்லை. அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். 3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கப்பலைத் தொட்டு மீள, ஒரு நொடியின் 50,000இல் ஒரு பங்கே ஆகும். அத்துணைச் சிறிய காலத்தை அளக்கும் வழி அக்கருவியில் இல்லை.

பத்தாண்டுகள் கழிந்தன. 1914 மே 29ஆம் நாள், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மூடுபனிக்கிடையே ‘எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து’ என்னும் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வெற்றிடக் குழாய்ப் பெருக்கியும் எதிர்மின்கதிர்க் குழாயும் வளர்ந்த பின்னரே நிலை மாறியது. 1935 பிப்ரவரி 26ஆம் நாள், இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே ராபர்ட் வாட்சன் வாட்டும் ஆர்னால்டு வில்கின்ஸும், பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பைக் கொண்டே வானூர்தியின் எதிரொலியைத் திரையில் கண்டனர். போர் அச்சம் சூழ்ந்த அக்காலத்தில் அரசின் ஆதரவும் உடனே வாய்த்தது. 1943இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டி.ஓ. நார்த், இரைச்சலுக்கிடையே குறிகையை இனங்காணும் நெறியைக் கணிதவழி வகுத்தார். அனுப்பிய அலையின் வடிவத்தை நினைவிற்கொண்டு, வந்து சேர்வனவற்றை அதனோடு ஒப்பிட்டுத் தேர்வதே அந்நெறியின் சாரம். இன்றைய ரேடாரிலும் கைப்பேசித் தொடர்பிலும் அது பயன்படுகிறது.

குரல் கொடுக்கும் கலை 1904இலேயே கைவந்துவிட்டது. மறுகுரலை இனங்காணும் கலை கைகூடவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதனை விரைவுபடுத்தியது கடலோடிகளின் உயிரன்று, போரே என்பது இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கசப்பான உண்மையாகும்.