நாகையில் விகாரம் தேடும் பயணி

நாகப்பட்டினத்திற்கு வரும் பயணிக்குக் காணத்தக்கவை பல. வடக்கே நாகூர் தர்கா. தெற்கே வேளாங்கண்ணி மாதா பேராலயம். மேற்கே சிக்கல் சிங்காரவேலர் திருக்கோயில். நகருக்குள்ளேயே காயாரோகணர் நீலாயதாட்சி கோயிலும் சௌந்தரராசப் பெருமாள் கோயிலும். சைவம், வைணவம், இசுலாம், கிறித்தவம் ஆகிய நான்கு சமயங்களின் வழிபாட்டிடங்களையும் ஒரே பகற்பொழுதில் கண்டு மீளலாம். ஆனால் அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு, காய்ச்சலுற்ற அருள்மொழிவர்மரைப் பிக்குகள் காத்த சூடாமணி விகாரத்தைக் காணும் ஆவலோடு வருகின்ற பயணி மட்டும் திகைத்து நிற்க நேர்கிறது. அவர் காண வந்த இடம் அங்கே இல்லை. கடல் இருக்கிறது, கரை இருக்கிறது, விகாரம் இல்லை.

கல்கி காட்டும் விகாரம் சுந்தர சோழர் காலத்தது. வரலாற்றுச் சான்றுகள் காட்டும் விகாரமோ இராசராசர் அரியணை ஏறிய பின்னரே எழுந்தது. புதின ஆசிரியர் தமக்குரிய உரிமையால் காலத்தைச் சற்று முன்னே நகர்த்தினார் எனலாம். எனினும் ஓர் உண்மையை மறுத்தற்கில்லை. நாகையில் ஒரு காலத்தில் புத்த விகாரம் இருந்தது என்னும் செய்தியைப் பல்லாயிரம் தமிழ் நெஞ்சங்களில் பதித்தது அக்கதையே. கோயில் மறைந்த பின்னும் அதனை நிலைநிறுத்துவது எழுத்து. அவ்வெழுத்து உரிய காலத்தில் கிடைக்காமற் போனால் என்ன நேரும் என்பதற்கும் நாகை விகாரமே சான்று.

செப்பேட்டில் நிற்கும் விகாரம்

இராசராச சோழரின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டிய காலத்தில், நாகப்பட்டினத்தில் எழுந்துகொண்டிருந்த பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டது. பள்ளியைக் கட்டத் தொடங்கியவர் கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மர். அதனை முடித்துத் தந்தையின் பெயரைச் சூட்டியவர் அவர் மகன் ஸ்ரீமாற விசயோத்துங்கவர்மர். இச்செய்திகளைக் கூறுவது 21 ஏடுகளைக் கொண்ட பெரிய லெய்டன் செப்பேடு. முதல் ஐந்து ஏடுகள் வடமொழியிலும், எஞ்சிய பதினாறும் தமிழிலும் அமைந்தவை. வடமொழிப் பகுதி, விகாரத்தின் உயரத்தை மேருமலையோடு ஒப்பிட்டுப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதி புகழ்ச்சியில் இறங்கவில்லை. நிலத்தின் அளவு 97 வேலிக்கு மேல். அதன் வருவாய் 8900 கலத்திற்கு மேற்பட்ட நெல் எனக் கணக்குச் சொல்லுகிறது. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்ததையும், கல்லும் கள்ளியும் நாட்டியதையும் பதிவு செய்கிறது.

இச்செப்பேட்டிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஆணை இராசராசருடையது, அதனைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் இராசேந்திரர். தந்தையின் கொடை நிலைபெற வேண்டும் என்று கருதிய அதே மன்னரின் கடற்படைதான் 1025இல் கடாரத்தை வென்றது. இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. ஆயினும் பள்ளியின் கொடை அழியவில்லை. 1090இல் கடாரத்து அரசரின் தூதர் இருவர் வந்து வேண்டிக்கொள்ள, முதற் குலோத்துங்கர் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தார். இதனைக் கூறுவது மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு. அப்போது நாகையில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என இரு பள்ளிகள் இருந்தன. சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட மன்னரின் பெயரைப் புத்தப் பள்ளி ஒன்று தாங்கி நின்றது என்பது எண்ணி மகிழத்தக்கது.

வந்தவர் கண்டவை

செப்பேட்டிற்கு அப்பால் நாகையின் பௌத்தத்தைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள் எழுதி வைத்தவையே. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனத் துறவி இ-சிங், மற்றொரு சீனத் துறவியின் பயணத்தைக் குறிக்கும்போது நாகப்பட்டினத்தைச் சுட்டுகிறார். கடாரத்திலிருந்து கப்பலேறி முப்பது நாளில் நாகை. நாகையிலிருந்து இரண்டு நாளில் இலங்கை. விகாரம் எழுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்துறை பிக்குகளின் வழித்தங்கலாக விளங்கியது என்பது இதனால் விளங்கும்.

பதினான்காம் நூற்றாண்டின் சீன வணிகப் பயணி வாங் தா-யுவான், 1349இல் எழுதிய நூலில், சமவெளியில் மரங்களுக்கிடையே செங்கல்லால் எழுப்பப்பட்ட உயர்ந்த 'மண்கோபுரம்' ஒன்றைக் குறிக்கிறார். அதில் சீன மொழிக் கல்வெட்டு ஒன்று இருந்தது என்றும், 1267க்கு இணையான சீன ஆண்டில் கட்டுமானம் முடிவுற்றதாக அது கூறியது என்றும் எழுதுகிறார். இக்கோபுரம் நாகப்பட்டினத்ததே என்பது அறிஞர் பலரின் துணிபு.

பதினைந்தாம் நூற்றாண்டில் வந்தவர்கள் பயணிகளாகப் புறப்படவில்லை; கடல் அவர்களைப் பயணிகளாக்கிற்று. பெகு நாட்டு மன்னர் தம்மசேதி இலங்கைக்கு அனுப்பிய பிக்குகளுள் சிலர், ஊர் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து தமிழ்க் கரையேறினர். கால்நடையாக நாகப்பட்டினம் வந்தனர். பதரிகாராமம் என்ற பழைய விகாரம் இருந்த இடத்தைக் கண்டனர். சீன நாட்டு மன்னரின் ஆணையால் அவ்விடத்தில் அமைக்கப்பட்ட குகையில் இருந்த புத்தர் உருவை வணங்கினர். இந்நிகழ்ச்சியைத் தம்மசேதியின் கல்யாணிக் கல்வெட்டுகள் உரைக்கின்றன. உடைமை இழந்து, உடன் வந்தோரைப் பிரிந்து, மொழி அறியா நாட்டில் நடந்துவந்தவர்களுக்கு அந்தக் கடற்கரையில் வணங்குதற்கு ஓரிடம் இருந்தது. நாகை விகாரத்தின் வரலாற்றில் இதனினும் நெஞ்சைத் தொடும் பக்கம் வேறில்லை.

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் நாகையைக் கைப்பற்றினர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஆசிரியர் வாலன்டைன், அவ்வூரின் புகழ்பெற்ற 'சீனக் கோயிலை'க் குறிப்பிடுகிறார். 1781இல் ஆங்கிலேயர் வந்தனர். 1846இல் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் கோபுரத்தை நேரிற் கண்டார். அதற்கு முந்தைய ஆண்டு அமராவதியில் அகழ்ந்து சிற்பங்களை வெளிக்கொணர்ந்தவர் அவர். பௌத்தச் சின்னங்களின் அருமை அறிந்தவர். நகருக்கு வடக்கே நாற்கோண வடிவில் மூன்று நிலைகளோடு கோபுரம் நின்றது. சாந்து இன்றி நெருங்க அடுக்கிய செங்கல், பக்கந்தோறும் நடுவே வாயிலோ சாளரமோ எனத்தக்க திறப்பு, மேற்கூரை இல்லை. சிற்பமோ எழுத்தோ காணப்படவில்லை.  எனினும் கட்டடம் உறுதியாகவே நின்றது. இவையெல்லாம் எலியட் 1878இல் வெளியிட்ட கட்டுரையால் தெரிய வருபவை.

பெயர் மறைந்த கோபுரம்

அக்கட்டுரை வெளிவந்தபோது கோபுரம் இல்லை. இடிந்து வீழ்ந்துவிடும் ஆபத்து உள்ளது என்று கூறி, அதனை அகற்றி அதன் செங்கற்களைத் தம் கல்லூரிக் கட்டடத்திற்குப் பயன்படுத்திக்கொள்ள இயேசு சபைப் பாதிரியார்கள் விண்ணப்பித்தனர். 1867இல் சென்னை அரசு இசைவு அளித்தது. கோபுரம் இடிக்கப்பட்டது.

இதனைச் சமயப் பகைமை என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. இடிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அக்கோபுரம் தன் பெயரை இழந்திருந்தது. சீனக் கோபுரம் என்றனர் சிலர். கறுப்புக் கோபுரம் என்றனர் சிலர். சமணக் கோயில் என்றனர் வேறு சிலர். ஊர் மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். 'புதுவெளி' என்பது 'புத்தர்வெளி' என்பதன் திரிபாக இருத்தல் கூடுமோ என எண்ணத் தோன்றுகிறது. சூளாமணி விகாரம் என்று அழைத்தவர் எவரையும் சான்றுகள் காட்டவில்லை. வணங்குவோர் இல்லை, வரலாறு அறிந்தோர் இல்லை. உரியவர் இல்லாப் பொருளாகக் கோபுரம் நின்றது. கடலில் வரும் கப்பல்களுக்கு மட்டும் கரை அறிவிக்கும் அடையாளமாக அது பயன்பட்டது.

உரிமை ஆவணமோ கடல் கடந்து போயிருந்தது. டச்சுக்காரர் காலத்தில் நாகைச் செப்பேடுகள் ஆலந்து நாட்டிற்கு எடுத்துச் செல்லப்பட்டு, லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அதனாலேயே அவற்றிற்கு 'லெய்டன் செப்பேடுகள்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. பர்ஜெசும் நடேச சாஸ்திரியும் அவற்றின் வாசகத்தை இந்தியத் தொல்லியல் வெளியீடு ஒன்றில் அச்சிட்டது 1886இல். கோபுரம் இடிந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர். பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது 1904இல். இடிக்கப்பட்ட கோபுரம் சூளாமணி விகாரத்தின் பகுதியா, 1267இல் எழுந்த சீனர் பணியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், 97 வேலி நிலம் பெற்ற பௌத்தப் பள்ளியின் ஊர் இது எனத் தமிழ் எழுத்தில் பொறித்த சான்று, அது வேண்டப்பட்ட நாளில் தமிழர் கண்ணுக்கு எட்டாத் தொலைவில் கிடந்தது. ஆவணம் ஒரு நாட்டிலும் கோபுரம் ஒரு நாட்டிலுமாகப் பிரிந்திருந்த இடைவெளியிலேதான் கடப்பாரை விழுந்தது.

மண்ணுள் இருந்த நாயகர்

கோபுரம் சாய்ந்தாலும் மண் தன் பங்கைக் காத்து வைத்திருந்தது. 1856இல் அப்பகுதியில் இலுப்பை மரம் ஒன்றைப் பெயர்த்தபோது அடியில் ஐந்து திருவுருவங்கள் கிடைத்தன. அதன்பின் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய இடங்களில் அடுத்தடுத்து வெளிப்பட்டவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் நாகையில் கிடைத்துள்ளன. இவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. ஆகவே நாகையில் விகாரத்தைக் காணாத பயணி, எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவ்விகாரத்துப் புத்தர்களைக் காணலாம். அபயக் கரமும், சுருண்ட முடியும், முடிமேல் தீச்சுடரும் கொண்டு அவர்கள் நிற்கின்றனர். செய்நேர்த்தியில் சோழர் காலத்துச் சிவனுக்கும் திருமாலுக்கும் உடன்பிறந்தவர் என்றே அவர்களைச் சொல்லத் தோன்றும்.

இத்திருமேனிகளுள் ஒன்று அமெரிக்கத் தொகுப்பொன்றைச் சென்றடைந்துள்ளது. அதன் பீடத்தில் தமிழ் எழுத்துகள் உள்ளன. இராசேந்திர சோழப் பெரும்பள்ளியிலுள்ள அக்கசாலைப் பெரும்பள்ளியின் கோயிலுக்குத் திருவிழாவில் எழுந்தருளுதற்காகச் சிறுதவூரினர் ஒருவர் செய்தளித்த திருமேனி அது. பொற்கொல்லர் பணிக்கூடத்தின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. அங்கே புத்தர் கோயிலுக்கு 'ஆழ்வார் கோயில்' என்று பெயர். உலாத் திருமேனிக்கு 'நாயகர்' என்று பெயர். வைணவமும் சைவமும் தம் அடியார்க்கு வழங்கிய சொற்களோடு உறவுடைய தமிழிலேயே நாகைப் பௌத்தர் தம் இறைவனை அழைத்தனர். நாகையிலிருந்த பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து சென்று திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று வைணவ குருபரம்பரைக் கதை கூறும். அக்கதையின் நாகையும், புத்தரையே ஆழ்வார் என்றழைத்த இந்நாகையும் ஒன்றே. விகாரம் கடாரத்தாருக்கும் சீனருக்கும் மட்டும் உரியது, வந்தவர் கட்டி வந்தவர் வணங்கியது என்று கருதுவாருக்குப் பீடத்தின் இவ்வெழுத்தே விடை. அது இம்மண்ணின் கோயில். தமிழர் தேர் போல் உலாக் கண்ட கோயில்.

ஏட்டில் நின்றதும் இடிந்து வீழ்ந்ததும்

தமிழ்ப் பௌத்தத்தின் மற்றொரு விகாரம் மணிமேகலை. அதுவும் படிப்பாரின்றி, பொருள் விளங்காமல், ஏட்டுச் சுவடிகளில் கிடந்ததே. யாரோ பெயரறியாதவர் தலைமுறைதோறும் அதனைப் படியெடுத்தனர்; உ. வே. சாமிநாதையர் அலைந்து தேடி, பௌத்த நெறியைக் கற்றறிந்து, 1898இல் பதிப்பித்தார். மணிமேகலை நின்றது. குண்டலகேசிக்கு அந்நல்லூழ் வாய்க்கவில்லை; பிற நூலுள்ளும் உரையுள்ளும் சிதறிய சில பாடல்களே எஞ்சின. வீரராசேந்திரர் காலத்துப் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், இலக்கணம் என்பதனால் பிற சமயத்தாராலும் பயிலப்பட்டு நிலைத்தது. ஏட்டின் ஊழும் கோபுரத்தின் ஊழும் ஒன்றே. தனதென்று சொல்ல ஒருவர் இருக்கும்வரை இரண்டும் நிற்கும்.

நாகை விகாரத்தைச் சீனர் எழுதினர், பெகு நாட்டார் கல்லில் பொறித்தனர், டச்சுக்காரர் குறித்தனர், ஆங்கிலேயர் அளந்தனர். சோழர் செப்பேட்டிற்கும் திருமேனிப் பீடத்திற்கும் பின், அதன் நிழலில் மாடு கட்டியும் வண்டி ஓட்டியும் வாழ்ந்த ஊரார் கண்டதும் கேட்டதும் மட்டும் எழுத்தாகவில்லை. ஒரு தனிப்பாடல், ஒரு தலபுராணத்தின் ஓரடி அதன் பெயரைக் காத்திருந்தால், 1867இல் விண்ணப்பத்தைப் படித்த அதிகாரியின் முன் வெறுஞ் செங்கற்குவியலாக அது தோன்றியிராது.

சுற்றுலா என்பது பார்த்துவிட்டு மீள்வது என்றே பலரும் கருதுகின்றனர். பார்த்ததைப் பெயர் சொல்லி எழுதிவைப்பதும் அதன் கடன் என்று உணர்த்துவது நாகை. ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் வண்டி உரசித் தேய்ந்த ஒரு கற்றூண் நிற்கிறது. பெயர் திரிந்த ஒரு மேடு கிடக்கிறது. பாட்டெழுதும் கைகள் அவற்றின் பெயரையும் ஒருமுறை எழுதட்டும். அடுத்த விண்ணப்பம் எந்த ஊரிலிருந்து வரும் என்பதை யாரும் அறியார்.