ஆங்கிலேயரின் உரிமை மரபும் மாத்தளைக் கலகமும்

ஆங்கிலேயன் தன்னை இன்னான் என அறிந்துகொள்வது தன் நாட்டு நிறுவனங்களின் வாயிலாகவே ஆகும். பாராளுமன்றம், யூரர் விசாரணை, தடையற்ற பத்திரிகை என்னும் இவற்றை அவன் அரசாங்கத்தின் உறுப்புக்களாக மட்டும் எண்ணுவதில்லை. தன் முன்னோர் வென்று வைத்த குடும்பச் சொத்தாகவே போற்றுகின்றான். 1215இன் மகாசாசனமும், 1628இன் உரிமை விண்ணப்பமும், 1689இன் உரிமைச் சட்டமும் அவன் பாடசாலையிற் பயிலும் வரலாற்றின் மைல்கற்கள். இவற்றுள் இரண்டாவது இங்கு உற்று நோக்கற்பாலது. பாராளுமன்றத்தின் இசைவின்றி வரி அறவிடலாகாது, காரணங் காட்டாது சிறையிடலாகாது, அமைதிக் காலத்தில் குடிமக்கள் மீது இராணுவச் சட்டத்தைச் செலுத்தலாகாது என்பன, முதலாம் சாள்ஸ் மன்னனை அவ்விண்ணப்பம் ஏற்கச் செய்த கோரிக்கைகளுட் சிலவாம்.

இம்மரபு கடல் கடந்து வந்தபோது எவ்வாறாயிற்று என்பதை மாத்தளையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கோப்பிப் பயிர் மலைநாட்டிற் பரவிய காலத்தில், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. அந்நிலங்கள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். 1847இல் கோப்பி விலை வீழ்ந்தது. அவ்வாண்டு தேசாதிபதியாக வந்த தொரிங்ரன் பிரபு, கருவூலத்தை நிரப்ப 1848இல் புதிய வரிகளைக் கொணர்ந்தார். நாய்க்கு ஒரு சில்லிங். துப்பாக்கிக்கு இரண்டு சில்லிங்கு ஆறு பென்ஸ். கடைக்கும் தோணிக்கும் வேறு வரிகள். இவற்றுக்கு மேலாக வந்தது தெருச் சட்டம். பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும். அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும். பௌத்த பிக்குமாரும் இதிலிருந்து விலக்கப்படாமை பெருஞ் சினத்தை மூட்டிற்று.

இவ்வரிகளுக்கு இசைவளித்தவர் யாவர்? 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர். உத்தியோகப் பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூவரும் முறையே கரைநாட்டுச் சிங்களவர், தமிழர், பறங்கியர் சார்பினர். கண்டிச் சிங்களவருக்கு அங்கு ஓர் இடமேனும் இல்லை. அது 1889இலேயே கிடைத்தது. ஆகவே தெருவேலைக்குரிய மலைநாட்டுக் குடியானவன், 1628இல் இலண்டனிற் பேசப்பட்ட முறைப்பாட்டையே தானும் உடையவனாயிருந்தான்.

அவ்வாண்டு உலகெங்கும் கொந்தளிப்பு நிலவிற்று. பெப்ரவரியில் பிரான்சிய மன்னன் முடியிழந்தான்; ஏப்ரல் 10ஆந் தேதி இலண்டன் மாநகரிற் சாட்டிஸ்டுக்கள் வாக்குரிமை வேண்டித் திரண்டனர். யூலை 3ஆந் தேதி 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையில் 'ஓர் ஆங்கிலேயன்' என்னும் பெயரில் வெளிவந்த கடிதம், பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை என்னும் கொள்கையை இந்நாட்டவர்க்கு எடுத்தோதிற்று. அது சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டுப் பரவியது. பத்திரிகை ஆசிரியர் வைத்தியர் எலியட்டே அதனை எழுதினார் என்பர். அவரோ பிறப்பால் அயர்லாந்துக்காரர்! ஆங்கில உரிமையின் சுவையை அதனைப் பெறாதவரே நன்கறிவர் போலும்.

யூலை 26ஆந் தேதி தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பட்டார். 28ஆந் தேதி கலகக்காரர் மாத்தளையுட் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினர். மறுநாள் கண்டியிற் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. வாரியப்பொலையிற் படையினர் கூட்டத்தைச் சிதறடித்தனர். கலகத் தலைவர் இருவரும், அதாவது பண்டாவும் மொறட்டுவையைச் சேர்ந்த புரன் அப்புவும், கரைநாட்டிற் பிறந்தோர் என்பது சிந்திக்கத்தக்கது. பழைய கண்டிப் பிரதானிகளுட் பெரும்பாலார் ஒதுங்கியே நின்றனர்.

கலகம் சில நாளில் அடங்கிற்று. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் 10ஆந் தேதி வரை நீடித்தது. புரன் அப்பு இராணுவ மன்றின் தீர்ப்பின்படி ஓகஸ்ட் 8ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் 26ஆந் தேதி குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். செப்டெம்பர் 21ஆந் தேதி பிடிபட்ட பண்டாவின் கதை வேறு. அவர் உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். அங்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. 1849இல் மலாக்காவில் அவர் மாண்டார். முடிசூடியவர் உயிர் தப்பினார், தொண்டர் மாண்டார். சாதாரண நீதிமன்றத்துக்கும் இராணுவ மன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் மேலான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

செய்தி இங்கிலாந்தை எட்டியது. 1849இல் பொதுமக்கள் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. யோசப் ஹியூம், ஹென்றி பெய்லி முதலியோர் தேசாதிபதியின் செயலைக் கடுமையாகக் கண்டித்தனர். பிரதமர் ரசல் பிரபுவின் உறவினராயிருந்தும் தொரிங்ரன் 1850இற் பதவி துறந்து மீண்டார். எனினும், 1851இற் கொணரப்பட்ட கண்டனத் தீர்மானம் சபையிற் தோல்வியுற்றது. பாராளுமன்றம் ஒரு மனிதரை விலக்கிற்று. அவருக்கு அவ்வதிகாரத்தை வழங்கிய ஆட்சிமுறையை விட்டுவைத்தது. ஆங்கில நீதி குறித்துப் பேசுவோர் முற்பகுதியை மட்டும் நினைவிற் கொள்வதும், அதனைப் பழிப்போர் பிற்பகுதியை மட்டும் கூறுவதும் வழக்கமாய்விட்டன.

இவ்வழக்கில் எத்தரப்பிலும் பேசப்படாதவர் ஒரு சாரார் இருந்தனர். மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளரே அவர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் மடிந்தோர் பலர். எஞ்சியோர் கோப்பியையும், அது அழிந்தபின் தேயிலையையும் வளர்த்தனர். மாத்தளை முத்துமாரியம்மனைத் தம் காவல் தெய்வமாகக் கொண்டனர்.

கலகத்துக்குச் சரியாக நூறாண்டின்பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1949இன் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார் மீது மட்டும் தகைமையீனம் சுமத்துதலைத் தடுத்திருந்தமையால், வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இற் கழகம் அச்சட்டங்கள் செல்லும் எனத் தீர்த்தது. சட்டத்தின் சொற்களில் ஒரு சமூகத்தின் பெயர் இல்லை. அதன் விளைவிலோ வேறொருவர் பெயர் இல்லை. தொரிங்ரனைக் கேள்வி கேட்ட அதே நகரம், இம்முறை ஏட்டைப் பார்த்து மூடிவிட்டது.

1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 1971இற் கோமறைக் கழகத்துக்கு முறையிடும் வழி அடைபட்டது. 1983ஆம் ஆண்டு வன்செயலில் மாத்தளை அம்மன் ஆலயமும் தீக்கிரையானது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே பிரசாவுரிமை வழங்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி முதல் இந்நாட்டில் நிலையாக வதிந்தோரும் அவர்தம் வழிவந்தோரும் அதனாற் பயன்பெற்றனர். அச்சட்டத்தை இயற்றியது கொழும்புப் பாராளுமன்றம்.