பழங்கயிறும் அரசனும்: தமிழ் மரபில் பன்மை மனம்

மனம் ஒன்றன்று, பல கூறுகள் தம்முள் முரணியும் இணங்கியும் இயங்கும் தொகுதி என்னும் கருத்து, உள்ளத்தை மூன்றாகப் பகுத்த ஃபிராய்டின் 1923ஆம் ஆண்டு நூலாலும், மார்வின் மின்ஸ்கி 1986இல் வெளியிட்ட ‘மனத்தின் சமுதாயம்’ என்னும் நூலாலும் பரவலாக அறியப்பட்டது. இதற்குத் தமிழில் இணை தேடுவோர்க்கு முதலில் தோன்றுவது, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் சைவ சித்தாந்தத்தின் அந்தக்கரணங்களே. அவ்விணை பொருந்தாது என்பதும், நெருங்கிய இணை அகப்பாடலில் உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நற்றிணை 284ஆம் பாடலில், பொருள்வயிற் பிரிந்த தலைவன் வினை முடியுமுன்னே தலைவியை நினைந்து கலங்குகிறான். மீண்டு செல்வோம் என்கிறது நெஞ்சம். வினையை இடையில் விடின் இகழ்ச்சி வரும், விரையாதே என்கிறது அறிவு. இரண்டுக்கும் இடையே, இரு களிறுகள் மாறிப் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறுபோல் தன் உடம்பு அழியுமோ என வருந்துகிறான். இவ்வுவமையாலேயே புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் பெற்றார். பாடலில் பேசுவோர் இருவர், தீர்ப்பளிப்போர் எவருமிலர். ‘என்’ என்று தலைவன் உரிமை கொள்வது உடம்பை மட்டுமே. உரையாசிரியர்கள் துறை விளக்கத்தோடு கடந்து செல்லும் இவ்விடம் மேலும் நுணுகி நோக்கத்தக்கது.

தொல்காப்பியப் பொருளியலோ எச்சரிக்கையுடையது. நெஞ்சு உறுப்பும் உணர்வும் உடையது ‘போல்’, மறுத்துரைப்பது ‘போல்’ புனையப்படும் என்கிறது. குறளின் 130ஆம் அதிகாரத்தில், தலைவியின் நெஞ்சு அவளுக்கே துணையாகாமல் அவன் பக்கம் சாயும்போது, அந்தப் ‘போல்’ ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் நோக்கம் வேறு. அந்தக்கரணமே ஆன்மா என்னும் கொள்கையை மறுப்பதற்காகவே சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் அவற்றை எடுத்துக்கொள்கிறது. கரணங்கள் அமைச்சர், ஆன்மா அரசன். அவை மாயையின் காரியமாகிய சடம். தம்மைத் தாம் அறியா. மின்ஸ்கியின் கூறுகளும் தனித்தனியே அறிவற்றவையே, ஆனால் அங்கே அரசன் இல்லை. எனவே பட்டியல்களை ஒப்பிடுவதால் பயனில்லை. அரசன் உண்டா என்பதே கேட்கத்தக்க வினா.

காங்கேயத்தை அடுத்த சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியையும் இவ்வினாவோடு சேர்த்து நோக்கலாம். சித்தாந்தம் கூறும் ஐந்து அவத்தைகளுள் கனவு இரண்டாவது. இங்கே பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருள், சுவாமி முன் பூக்கேட்டு உறுதிசெய்த பின்னரே பெட்டியில் வைக்கப்படுகிறது. வேறொருவர் கனவில் அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கிறது. உள்ளே எழுந்த ஆணை யாருடையது என்னும் தீர்ப்பு, கனவு கண்டவரிடம் விடப்படுவதில்லை, பூவிடம் விடப்படுகிறது.