வால்வுக்கு வயசாகவில்லை

தாத்தா காலத்து ரேடியோவைப் போட்டால் பாட்டு வரக் கொஞ்ச நேரம் ஆகும். உள்ளே வால்வு சூடாக வேண்டும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் அந்த வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1962-லேயே ஜெர்மானியம் செமிகண்டக்டரும் வந்துவிட்டது. வால்வை வீட்டுக்கு அனுப்பப்போகிற சரக்கு, அதே கம்பெனியிலிருந்து!

அமெரிக்காவில் அதே சமயம் இன்னொரு கதை. 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில், ஸ்டூடியோ மிக்சர் கோளாறால் பேஸ் கிடார் கரகரத்தது. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. அதே கரகரப்புக்காக 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' பெடல் வந்தது. அதில் இருந்ததும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான்.

அப்போ வால்வு? சிக்னல் அதிகமானால் டிரான்சிஸ்டர் சட்டென்று வெட்டும், வால்வு மெல்ல நசுக்கும் என்பார்கள். அந்த ஒலிக்காகவே வீட்டில் பெடல் செய்கிறவர்கள் வால்வைத் தேடினார்கள். அவர்களிடையே பிரபலமான 'வால்வ்காஸ்டர்' சர்க்யூட்டுக்கு ஒரு 12ஏயூ7 வால்வும் 12 வோல்ட் அடாப்டரும் போதும். ஆம்ப்ளிபயரில் அதே வால்வுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பார்கள். தெரியாமல் கை வைத்தால் ஆள் காலி. 12 வோல்ட்டில் அந்தப் பயம் இல்லை. வோல்ட் குறைவதால் வால்வு சீக்கிரமே கரகரக்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே! :)

எங்கள் காமர்ஸ் பாடப்படி தேய்மானம் போட்டால் வால்வின் மதிப்பு என்றோ பூஜ்யம். காதுக்கு அந்தக் கணக்கு தெரியாது.