ரோலர் பழுதானதால் வந்த விம்பிள்டன்

விம்பிள்டன்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு ராமநாதன் கிருஷ்ணன் ஞாபகம் வருவார். 1960, 1961 ரெண்டு வருஷமும் அரையிறுதி வரை போனவர். அந்த கிளப்போட பூர்வீகத்தைப் படிச்சப்ப எனக்கு ஒரே ஆச்சரியம். ஆரம்பத்துல அது டென்னிஸ் கிளப்பே இல்லைங்க!

1868-ல் லண்டனில் 'தி ஃபீல்ட்' பத்திரிகை அலுவலகத்தில் ஆறு பேர் கூடி ஆரம்பித்தது குரோக்கே கிளப். மரச் சுத்தியலால் பந்தைத் தட்டி, புல்தரையில் நட்ட கம்பி வளையங்களுக்குள் ஓடவிடும் ஆட்டம். அடுத்த வருஷம் விம்பிள்டன் கிராமத்தில் வொர்ப்பிள் ரோடு பக்கம் நாலு ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது.

ஆனா குரோக்கே மோகம் சீக்கிரமே இறங்கிப் போச்சு. 1875-ல் ஹென்றி ஜோன்ஸ் என்ற உறுப்பினர் சொன்ன யோசனைப்படி, இடத்தில் கொஞ்சத்தைப் புது விளையாட்டான டென்னிஸுக்கு ஒதுக்கினார்கள். 1877-ல் மட்டக்குதிரை இழுக்கும் ரோலர் பழுதாக, சரிபண்ணக் காசு தேவை. சரி, ஒரு போட்டி வைப்போம்னு முடிவாச்சு. நுழைவுக் கட்டணம் ஒரு கினி. 22 பேர் ஆடினாங்க. இறுதி ஆட்டத்தை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தவங்க சுமார் 200 பேர். ஜெயிச்சவர் ஸ்பென்சர் கோர்.

என்னைக் கேட்டா, கோப்பையை விடப் பெரிய விஷயம் வேற. அதுவரை விதிமுறையில் இருந்த மைதானம் நடுவுல ஒடுங்கி, உடுக்கை மாதிரி இருக்கும். ஜோன்ஸ் உள்பட மூணு பேர் உட்கார்ந்து, இந்தப் போட்டிக்காக அதை நீள்சதுரமா மாத்தினாங்க: நீளம் 78 அடி, அகலம் 27 அடி. 15, 30, 40 என்ற கணக்கையும் பழைய உள்ளரங்க டென்னிஸிலிருந்து எடுத்து வெச்சாங்க. இன்னிக்கும் ஒற்றையர் ஆட்டத்துக்கு உலகம் முழுக்க அதே அளவு, அதே கணக்கு! கையில காசில்லாத ஒரு சின்ன கிளப் போட்ட கோடு அது.

1922-ல் கிளப் சர்ச் ரோடுக்கு இடம் மாறியது. பழைய மைதானம் இப்போ ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டுத் திடல்.

இன்னொண்ணு. 1882-ல் கிளப் பேரிலிருந்து குரோக்கேயைத் தூக்கிட்டாங்க. மனசு கேட்கலை போல, 1899-ல் திரும்பச் சேர்த்துட்டாங்க. இன்னிக்கும் அந்தப் பேர்ல டென்னிஸுக்குப் பின்னாடி குரோக்கே இருக்கு.